ராணுவச் செலவையும் ஆயுதக் கட்டுப்பாட்டையும் ஆராயும் வேலை: கொழிஞ்சாம்பாறையிலிருந்து எப்படித் தொடங்குவது?

கேள்வியின் சுருக்கம்: கேட்பவர் பாலக்காடு மாவட்டத்துக் கொழிஞ்சாம்பாறைப் பக்கத்துக்காரர். பத்தாவது வரை தமிழ் மீடியம், இப்போது சித்தூரில் பி.ஏ. பொருளாதாரம் கடைசி வருடம். ஆயுதக் கட்டுப்பாடு, ராணுவச் செலவு பற்றி ஆராயும் பாலிசி அனலிஸ்ட் ஆக வேண்டும் என்பது அவர் ஆசை. என்ன படிக்க வேண்டும், வீட்டில் யாரும் பட்டாளத்தில் இல்லாதவருக்கு இதில் இடம் உண்டா, ஊரிலிருந்தே எதைத் தொடங்கலாம், வேலை அமையாவிட்டால் என்ன வழி என்று கேட்டிருக்கிறார்.

தம்பி, இரண்டாவது கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். பட்டாளப் பின்னணி வேண்டியதே இல்லை. ஓய்வுபெற்ற அதிகாரிகள் இந்தத் துறையில் நிறையப் பேர் இருக்கிறார்கள். போர்முறை, தளவாடம், பயிற்சி பற்றி அவர்களுக்குத் தெரிந்தது நமக்குத் தெரியாது. ஆனால் பட்ஜெட் தாளை வரி வரியாகப் பிரித்துப் படிப்பவர்களும், ஒப்பந்த வாசகத்தை உட்பிரிவு வரை போய்ப் பார்ப்பவர்களும் எப்போதுமே குறைவு. பொருளாதாரம் படித்த உங்களுக்கு இடம் இருப்பது அங்கேதான். ஏவுகணையின் பெயர், எடை, தூரம் எல்லாம் மனப்பாடமாக வைத்திருந்தும், அதற்கான பணம் எந்தக் கணக்குத் தலைப்பில் போகிறது என்று கேட்டால் விழிப்பவர்கள் இந்த வேலையில் நிலைப்பதில்லை. எதை எண்ணுகிறோம், எதை விடுகிறோம், எந்தத் தேதியில், எந்த விலையில் என்று ஒவ்வொரு எண்ணுக்கும் பதில் வைத்திருப்பதே இங்கே தொழில்.

எடுத்துக்காட்டுக்கு, இந்தியா ராணுவத்துக்கு எவ்வளவு செலவழிக்கிறது என்ற ஒரே கேள்வியை எடுத்துக்கொள்வோம்.

2025-26 பட்ஜெட்டில் பாதுகாப்பு அமைச்சகத்துக்கு ஒதுக்கிய மொத்தம் 6,81,210 கோடி ரூபாய். பத்திரிகையில் வரும் எண் இது. பட்ஜெட் ஆவணத்தில் இது நான்கு மானியக் கோரிக்கைகளாக, அதாவது நாடாளுமன்றத்திடம் பணம் கேட்கும் தனித்தனிப் பட்டியல்களாக, பிரிந்து கிடக்கும். 19-ஆம் எண்ணில் அமைச்சகத்தின் சிவில் செலவு, 28,683 கோடி. 20-இல் முப்படைகளின் வருவாய்ச் செலவு, 3,11,732 கோடி: சம்பளம், எரிபொருள், வெடிமருந்து, பராமரிப்பு எல்லாம் இதில் வரும். 21-இல் மூலதனச் செலவு, 1,80,000 கோடி: விமானம், கப்பல், பீரங்கி, கட்டடம், ஆராய்ச்சி. 22-இல் ஓய்வூதியம், 1,60,795 கோடி. கூட்டிப் பாருங்கள், சரியாக வரும். (ஒவ்வொரு முறையும் கூட்டிப் பார்க்கும் பழக்கம் வேண்டும். அச்சான அட்டவணையிலும் பிழை இருக்கும்.)

அந்த ஆண்டுக்கு அரசு எதிர்பார்த்த ஜிடிபி சுமார் 356.98 லட்சம் கோடி. மொத்தத்தை வைத்து வகுத்தால் 1.91 விழுக்காடு. ஓய்வூதியமும் சிவில் செலவும் படைபலத்தில் சேராது என்று கழித்துவிட்டால் மிச்சம் 4,91,732 கோடி, 1.38 விழுக்காடு. எதிர்ப்பக்கம் போய், உள்துறை அமைச்சகத்தின் கீழ் வரும் எல்லைப் பாதுகாப்புப் படை, சிஆர்பிஎஃப், அசாம் ரைஃபிள்ஸ், ஐடிபிபி, எஸ்எஸ்பி செலவையும் சேர்த்தால் 2 விழுக்காட்டைத் தாண்டிவிடும். மூன்று எண்ணும் ஒரே அரசின் ஒரே பட்ஜெட்டிலிருந்து வந்தவை, மூன்றும் பொய்யில்லை. "ஜிடிபியில் 3 விழுக்காடு ஒதுக்க வேண்டும்" என்று ஒருவர் பேசும்போது, அவர் எந்த எண்ணை அடிப்படையாக வைத்துப் பேசுகிறார் என்று கேட்க வேண்டியவர் அனலிஸ்ட். இதைத் தெளிவாக்காத கட்டுரை எத்தனை பக்கம் இருந்தாலும் பயனில்லை என்பது என் உறுதியான கருத்து. 2025-26 பட்ஜெட்டில் மத்திய அரசுச் செலவில் ஏழில் ஒரு பங்குக்குக் கொஞ்சம் குறைவாக, அதாவது 13.45 விழுக்காடு, இந்த ஒரு அமைச்சகத்துக்குப் போனது. அதைப் பற்றிக் குத்துமதிப்பாகப் பேசுவது சரியில்லை.

உலக அளவில் ஒப்பிடும்போது எல்லோரும் கைவைப்பது ஸ்டாக்ஹோமில் உள்ள சிப்ரி என்ற ஆய்வு நிறுவனத்தின் தரவுத்தளத்தில். 1966-இல் தொடங்கிய நிறுவனம். ராணுவச் செலவுத் தரவு 1949 வரை பின்னோக்கிப் போகிறது. 2024-இல் உலக ராணுவச் செலவு 2,71,800 கோடி டாலர் என்றும், இந்தியா 8,610 கோடி டாலருடன் ஐந்தாம் இடம் என்றும் அவர்கள் கணக்கு. இந்த 8,610 எப்படி வந்தது என்று பிரித்துப் பார்த்தால் நல்ல பயிற்சி கிடைக்கும்.

நம் நிதியாண்டு ஏப்ரலில் தொடங்குகிறது, சிப்ரியின் கணக்கு ஜனவரி முதல் டிசம்பர் வரை. செலவு ஆண்டு முழுக்கச் சீராக நடப்பதாக வைத்துக்கொண்டு, 2023-24-இல் கால்பங்கும் 2024-25-இல் முக்கால்பங்கும் சேர்த்து 2024 என்கிறார்கள். பட்ஜெட் மதிப்பீடுகளையே வைத்துப் போட்டுப் பாருங்கள்: 5,93,538 கோடியில் கால்பங்கு 1,48,384 கோடி, 6,21,941 கோடியில் முக்கால்பங்கு 4,66,456 கோடி. ஆக 6,14,840 கோடி. அந்த ஆண்டின் சராசரி டாலர் மதிப்பு சுமார் 83.7 ரூபாய். வகுத்தால் ஏறக்குறைய 7,350 கோடி டாலர்தான் வருகிறது. மீதி 1,200 கோடி டாலருக்கு மேல் எங்கே? அதில் பெரும்பங்கு மேலே சொன்ன ஐந்து துணைப்படைகள், அவற்றை சிப்ரி சேர்த்துக்கொள்கிறது. அணு ஆயுதத்துக்கான செலவை இந்தியக் கணக்கில் அது சேர்ப்பதில்லை. இந்த விவரமெல்லாம் அட்டவணையின் அடிக்குறிப்பில் இருக்கிறது. படிப்பவர்கள்தான் குறைவு.

இதே இடத்தில் அலகுக் குழப்பமும் வரும். 100 கோடி ஒரு பில்லியன், ஒரு லட்சம் கோடி ஒரு டிரில்லியன். நம் ஊர்க்காரர்கள் எழுதும் அறிக்கைகளில் அதிகம் அகப்படும் பிழை சுழியம் இடம் மாறுவதுதான். எக்செல் தாளில் அலகுக்கென்று தனிப் பத்தி வைத்துவிடுங்கள்.

அடுத்த பொறி, மூன்று வகை எண்கள். பிப்ரவரி 1 அன்று வருவது பட்ஜெட் மதிப்பீடு. அடுத்த ஆண்டு பட்ஜெட்டில் அதே ஆண்டுக்குத் திருத்திய மதிப்பீடு வரும். அதற்கும் அடுத்த ஆண்டுதான் உண்மைச் செலவு. மூன்றையும் ஒரே வரிசையில் கலந்து வரைபடம் போட்டால், கடைசி ஆண்டில் இல்லாத ஏற்றமோ இறக்கமோ தெரியும். மூலதனச் செலவில் இது மோசமாக நடக்கும், ஏனென்றால் ஒதுக்கிய பணத்தைச் செலவழிக்க முடியாமல் திருப்பிக் கொடுக்கும் ஆண்டுகள் உண்டு. பட்ஜெட்டை பட்ஜெட்டோடும் உண்மையை உண்மையோடும் மட்டும் ஒப்பிடுங்கள்.

தொடர்வரிசை உடையும் இடங்களையும் குறித்து வையுங்கள். 2021 அக்டோபர் 1 அன்று 41 படைக்கலத் தொழிற்சாலைகளும் ஏழு கம்பெனிகளாயின. அதுவரை அரசின் துறையாக இருந்தவற்றின் வரவுசெலவு, அதன்பின் பட்ஜெட்டில் அதே வடிவில் இல்லை. இது தெரியாமல் "தொழிற்சாலைச் செலவைக் குறைத்துவிட்டார்கள்" என்று எழுதினால் முதல் கூட்டத்திலேயே பெயர் கெட்டுவிடும்.

மூலதனச் செலவில் இன்னொரு விஷயம். கொச்சி கப்பல் கட்டும் தளத்தில் கட்டிய விக்ராந்த் விமானந்தாங்கிக் கப்பலுக்குச் சுமார் 20,000 கோடி ஆனது. 2009-இல் அடிக்கட்டை போட்டு 2022 செப்டம்பரில் கடற்படையில் சேர்ந்தது. அந்தப் பணம் ஒரே பட்ஜெட்டில் வந்ததில்லை, பல ஆண்டுத் தவணையாகப் போனது. எந்த ஆண்டிலும் கொள்முதல் ஒதுக்கீட்டில் பெரும்பகுதி ஏற்கெனவே கையெழுத்தான ஒப்பந்தங்களின் தவணைக்கே போய்விடும். புதிதாக வாங்க மிச்சம் எவ்வளவு என்பதே உண்மையான கேள்வி. அதற்கான விடை பட்ஜெட் உரையில் கிடைக்காது. பாதுகாப்புக்கான நாடாளுமன்ற நிலைக்குழு அறிக்கைகளிலும், அரசுக் கணக்கைத் தணிக்கை செய்யும் சிஏஜியின் அறிக்கைகளிலும் தேட வேண்டும். அமைச்சக அதிகாரிகள் குழுவுக்கு எழுதிக்கொடுத்த பதில்கள் அந்த அறிக்கைகளில் அப்படியே அச்சாகியிருக்கும். இலவசம்தான், ஆளுக்குத்தான் பஞ்சம்.

நாடுகளை ஒப்பிடும்போது ஓய்வூதியம் எங்கே இருக்கிறது என்று பார்க்காமல் ஒரு வரிகூட எழுதாதீர்கள். பாகிஸ்தான் 2000-க்குப் பிறகு ராணுவ ஓய்வூதியத்தைச் சிவில் கணக்குக்கு மாற்றிவிட்டது. 2025-26-இல் அவர்களுடைய பாதுகாப்பு ஒதுக்கீடு 2,55,000 கோடி பாகிஸ்தான் ரூபாய். ராணுவ ஓய்வூதியம் 74,200 கோடி தனியாக இருக்கிறது, சேர்த்தால் 29 விழுக்காடு கூடிவிடும். நம் எண்ணை ஓய்வூதியத்தோடும் அவர்கள் எண்ணை அது இல்லாமலும் வைத்து ஒப்பிடும் கட்டுரைகள் ஒவ்வொரு ஜூன் மாதமும் வருகின்றன. சீனாவின் கதை வேறு. 2024-இல் அரசு அறிவித்தது சுமார் 1.67 லட்சம் கோடி யுவான், அதாவது 23,000 கோடி டாலர் அளவு. சிப்ரியின் மதிப்பீடு 31,400 கோடி டாலர். அறிவிப்பில் வராத இனங்களைச் சேர்ப்பதால் வரும் வித்தியாசம் அது. மதிப்பீடு என்றால் மதிப்பீடு என்றே எழுதுங்கள்.

ஆயுத இறக்குமதித் தரவை எடுக்கும்போது, சிப்ரி பயன்படுத்தும் டிஐவி என்ற அலகு விலையைக் குறிப்பதில்லை என்பது மறக்கக்கூடாத விஷயம். கைமாறிய ஆயுதத்தின் திறனை அளக்க அவர்களே வகுத்த புள்ளி அது. அதை ஜிடிபியால் வகுப்பதும் ராணுவச் செலவோடு ஒப்பிடுவதும் தவறு. விநியோகம் ஓராண்டு குவியும், மறு ஆண்டு வற்றும் என்பதால் ஐந்தாண்டுக் கூட்டாகத்தான் பேச வேண்டும். 2020–24-இல் உலக இறக்குமதியில் இந்தியாவின் பங்கு 8.3 விழுக்காடு, இரண்டாம் இடம். அதில் ரஷ்யாவிலிருந்து வந்தது 36 விழுக்காடு.

இனி ஆயுதக் கட்டுப்பாடு. இது எண்ணைவிடச் சொல்லில் நடக்கும் வேலை. ஆனால் மூளை ஒன்றுதான். சித்தூர் தாலுக்காவில் பிறந்தவருக்குப் பரம்பிக்குளம்–ஆழியாறு ஒப்பந்தத்தைச் சொன்னால் போதும். மணக்கடவு அணைக்கட்டில் அளந்து ஆண்டுக்கு 7.25 டிஎம்சி தண்ணீரைத் தமிழ்நாடு கேரளத்துக்கு விட வேண்டும். ஆண்டு என்றால் ஜூலை முதல் ஜூன் வரை. எந்த இடத்தில் அளப்பது, எந்தக் காலத்துக்கு, யார் முன்னிலையில், மழைக்காலத்தில் தானாக ஓடிவரும் நீர் கணக்கில் சேருமா என்பதெல்லாம் எழுதி வைத்ததால்தான் சண்டை வரும்போது பேச ஏதோ இருக்கிறது. அணு ஆயுத ஒப்பந்தமும் அதே கேள்விகளால் ஆனது. அமெரிக்காவும் ரஷ்யாவும் 2010-இல் கையெழுத்திட்ட நியூ ஸ்டார்ட் ஒப்பந்தத்தில் உச்சவரம்பு நிலைநிறுத்திய அணுகுண்டுகள் 1,550, நிலைநிறுத்திய ஏவுகருவிகள் 700. ஆனால் ஒரு கனரகக் குண்டுவீச்சு விமானம் எத்தனை குண்டு சுமந்தாலும் ஒன்று என்றே எண்ணப்படும் என்று விதி. இதைப் படிக்காதவர் 1,550 என்பதை அப்படியே எடுத்துக்கொள்வார். ஆண்டுக்கு 18 நேரடிச் சோதனைகள், ஆறு மாதத்துக்கொருமுறை தரவுப் பரிமாற்றம் என்று சரிபார்க்கும் ஏற்பாடும் இருந்தது. 2023 பிப்ரவரியில் ரஷ்யா தன் பங்கேற்பை நிறுத்திவைத்தது. ஒருமுறை நீட்டித்த காலமும் 2026 பிப்ரவரி 5 அன்று முடிந்தது. மணக்கடவில் அளவுகோலைப் பிடுங்கிவிட்டால் இரு பக்கமும் என்ன பேசும் என்று உங்களுக்குத் தெரியும். இன்றைய ஆயுதக் கட்டுப்பாட்டு ஆராய்ச்சியின் பெரிய கேள்வியும் அதுதான்.

ஒப்பந்தம் படிக்கும்போது நான்கு தேதிகளைக் கலக்காதீர்கள்: ஏற்றுக்கொண்டது, கையெழுத்துக்குத் திறந்தது, ஒரு நாடு உறுதிசெய்தது, நடைமுறைக்கு வந்தது. அணுசோதனைத் தடை ஒப்பந்தம் 1996-இல் கையெழுத்துக்குத் திறந்தும் இன்னும் நடைமுறைக்கு வரவில்லை. ஆயுத வணிக ஒப்பந்தம் 2013-இல் ஏற்கப்பட்டு 2014 டிசம்பர் 24-இல் அமலானது. வாக்கெடுப்பில் இந்தியா விலகி நின்றது. என்பிடி எனப்படும் அணு ஆயுதப் பரவல் தடை ஒப்பந்தத்தில் இந்தியா சேரவே இல்லை. ஆனால் ரசாயன ஆயுதத் தடை ஒப்பந்தத்தில் உறுப்பினர். எதில் உள்ளே, எதில் வெளியே, ஏன் என்று உங்கள் கையால் ஓர் அட்டவணை போட்டு வையுங்கள். அடுத்த பத்து வருடத்துக்கு உதவும்.

நம் பகுதிக்கு நேரடியாகத் தொடர்புள்ள, வேலைவாய்ப்பும் உள்ள ஒரு கிளையைப் பலரும் கவனிப்பதில்லை. அது ஏற்றுமதிக் கட்டுப்பாடு. ஒரு பொருள் ஆலைக்கும் உதவும், ஆயுதத்துக்கும் உதவும் என்றால் அதை வெளிநாட்டுக்கு அனுப்ப உரிமம் வேண்டும். இந்தியாவில் அந்தப் பட்டியலின் பெயர் ஸ்கோமெட். வெளிநாட்டு வணிகத் தலைமை இயக்குநரகம் வெளியிடுவது, 0 முதல் 8 வரை வகைகள். வகை 6 படைக்கலங்களுக்கானது, அதற்கு உரிமம் தருவது பாதுகாப்பு உற்பத்தித் துறை. இந்தியா 2016-இல் ஏவுகணைத் தொழில்நுட்பக் கட்டுப்பாட்டு அமைப்பிலும், 2017-இல் வழக்கமான ஆயுதங்களுக்கான வாசனார் ஏற்பாட்டிலும், 2018-இல் ரசாயன, உயிரி ஆயுதப் பொருட்களுக்கான ஆஸ்திரேலியா குழுவிலும் சேர்ந்தது. அதன்பின் பட்டியல் அவற்றோடு ஒத்துப்போகிறது. கோயம்புத்தூர் பம்பும் வால்வும் மெஷின் ஷாப்பும் நிறைந்த ஊர். அரிப்பைத் தாங்கும் சிறப்பு உலோகத்தில் செய்த வால்வு, ஐந்து அச்சு மெஷின், கார்பன் ஃபைபர் ஆகியவற்றில் சில அளவைத் தாண்டினால் பட்டியலில் விழும். தமிழ்நாட்டின் பாதுகாப்புத் தொழில் வழித்தடத்தின் ஐந்து முனைகளில் கோயம்புத்தூரும் ஒன்று. கஞ்சிக்கோட்டில் பிஇஎம்எல் ஆலை 2010 முதல் இருக்கிறது, ஒற்றப்பாலத்தில் கின்ஃப்ரா பாதுகாப்புப் பூங்கா இருக்கிறது. இந்தச் சுற்றுவட்டாரத்துக் கம்பெனிகளுக்கு ஸ்கோமெட் வகைப்பாடு, உரிம விண்ணப்பம், இறுதிப் பயனர் சான்றிதழ் இவற்றைப் பார்க்கத் தெரிந்தவர்கள் தேவை. பெரும்பாலும் ஏற்றுமதி எழுத்தரே எச்எஸ் எண்ணைப் பார்த்து "இது பட்டியலில் இல்லை" என்று முடிவுசெய்துவிடுகிறார். தவறு அங்கேதான் நடக்கிறது. எச்எஸ் எண் சுங்கத்துக்கானது. ஸ்கோமெட்டில் விழுமா என்பதைத் தீர்மானிப்பது பொருளின் தொழில்நுட்ப அளவீடு. இந்த வேலையில் இரண்டு வருடம் இருந்தவர் எந்த ஆய்வு நிறுவனத்துக்கும் தனி மதிப்போடு போகலாம்.

படிப்பு விஷயத்தை வேகமாகச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் பட்டத்தின் பெயர் நீங்கள் நினைக்கும் அளவுக்கு முக்கியமில்லை. எம்.ஏ. பொருளாதாரமே தொடரலாம், அதில் பொது நிதியும் எகானமெட்ரிக்ஸும் இருந்தால் போதும். சர்வதேச உறவுகளுக்கு மாற நினைத்தால் டெல்லி ஜேஎன்யுவில் ஆயுதக் குறைப்பைப் பெயரிலேயே வைத்திருக்கும் மையம் இருக்கிறது. சென்னைப் பல்கலைக்கழகத்தில் பாதுகாப்பு மற்றும் உத்திசார் ஆய்வுத் துறை, கோட்டயம் எம்ஜி பல்கலைக்கழகத்தில் சர்வதேச உறவுகள் பள்ளி, காசர்கோட்டில் மத்தியப் பல்கலைக்கழகம். பெங்களூரில் நியாஸ் நிறுவனத்தில் அணு, ஏவுகணை பற்றிய ஆய்வுக் குழு உண்டு. யுஜிசி நெட் தேர்வில் பாதுகாப்பு மற்றும் உத்திசார் ஆய்வு தனிப் பாடம். அதில் ஜேஆர்எஃப் என்ற ஆய்வு உதவித்தொகை கிடைத்தால் மாதம் 37,000 ரூபாய், இரண்டு வருடம் கழித்து 42,000. வெளிநாடு போவதானால் லண்டன் கிங்ஸ் கல்லூரி இந்தத் துறைக்குப் பேர்போனது. உதவித்தொகை இல்லாமல் கடன் வாங்கிப் போகாதீர்கள் என்பதே என் யோசனை. இந்த வேலையின் ஆரம்பச் சம்பளம் அந்தக் கடனைத் தாங்காது.

மொழி பற்றியும் சொல்ல வேண்டும். தமிழும் மலையாளமும் உங்களுக்குக் கூடுதல் பலம், ஆனால் எழுதும் மொழி ஆங்கிலமாகத்தான் இருக்கும். தமிழ் மீடியத்திலிருந்து வருகிறவர்கள் நீண்ட, அலங்கார வாக்கியம் எழுதினால்தான் மதிப்பார்கள் என்று பயப்படுகிறார்கள். தேவையே இல்லை. இரண்டு பக்கக் குறிப்பில் முதல் பத்தியிலேயே விடை இருக்க வேண்டும், வாக்கியம் குட்டையாக இருக்க வேண்டும். தினம் ஒரு நிலைக்குழு அறிக்கையில் ஐந்து பக்கம் எடுத்து அரைப் பக்கமாகச் சுருக்குங்கள். ஆறு மாதத்தில் கை வந்துவிடும். நான்காவது மொழியாக பிரெஞ்சு கற்றால் ஜெனீவா, வியன்னா வேலைகளுக்கு உதவும். சீனம் கற்றால் இந்தியாவுக்குள்ளேயே கிராக்கி அதிகம்.

வேலை எப்படி இருக்கும் என்பதை ஆண்டின் ஓட்டம் சொல்லும். பிப்ரவரி 1 நம் பட்ஜெட், அன்று மாலைக்குள் குறிப்பு கேட்பார்கள். அதே மாதம் லண்டன் ஐஐஎஸ்எஸ் ஆய்வு நிறுவனத்தின் மிலிட்டரி பேலன்ஸ் என்ற ஆண்டு வெளியீடு. மார்ச்சில் சீன பட்ஜெட்டும், நாடுகளுக்கிடையே ஆயுதம் கைமாறியது பற்றிய சிப்ரியின் தரவும், நம் நிலைக்குழு அறிக்கைகளும். ஏப்ரலில் சிப்ரியின் ராணுவச் செலவுத் தரவு. அரசுகள் ஐ.நா.வுக்குத் தம் ராணுவச் செலவைத் தெரிவிக்கக் கெடு ஏப்ரல் 30, ஆயுதப் பதிவேட்டுக்கு மே 31. ஜூனில் பாகிஸ்தான் பட்ஜெட். அக்டோபரில் நியூயார்க்கில் ஆயுதக் குறைப்பைப் பேசும் ஐ.நா. பொதுச்சபையின் முதல் குழு. டிசம்பரில் சிப்ரியின் முதல் 100 ஆயுதக் கம்பெனிகள் பட்டியல். நடுவில் உள்ள நாட்களில் தரவைப் புதுப்பிப்பதும், அடுத்தவர் கட்டுரையைச் சரிபார்ப்பதும், நிதி கேட்டு விண்ணப்பம் எழுதுவதும். மாநாடும் டிவி விவாதமும் வெளியே தெரியும் சிறு பகுதி மட்டுமே.

வேலை தருவோர் டெல்லியில் பாதுகாப்பு அமைச்சகத்தின் நிதியில் இயங்கும் மனோகர் பாரிக்கர் ஐடிஎஸ்ஏ, முப்படைகளைச் சார்ந்த ஆய்வு மையங்கள், ஓஆர்எஃப் போன்ற தனியார் நிறுவனங்கள், பெங்களூரில் தக்ஷசிலா, பிறகு பத்திரிகைகள், ஆலோசனைக் கம்பெனிகள். பெரும்பாலும் ஒப்பந்தப் பணி, ஓராண்டு ஈராண்டுக்கு. வெளிநாட்டு நிதிக்கான உரிமம் ரத்தானால் ஒரு நிறுவனத்தில் பல இடங்கள் ஒரே நாளில் போய்விடும். சேருமுன் இந்தப் பதவிக்கான பணம் எங்கிருந்து, எப்போது வரை என்று நேரடியாகக் கேட்பதில் தவறில்லை. யார் பணம் கொடுத்தாலும் உங்கள் எண் மாறக்கூடாது. ஆயுதக் கம்பெனி கொடுத்தாலும் சமாதான அமைப்பு கொடுத்தாலும் ஓய்வூதியத்தைச் சேர்த்தீர்களா இல்லையா என்பது ஒரே மாதிரி எழுதப்பட வேண்டும். உங்களுக்கு ஆயுதம் குறைய வேண்டும் என்ற ஆசை இருக்கலாம், இருப்பது நல்லது. ஆனால் ஆசைக்காக எண்ணை வளைத்தது ஒருமுறை தெரிந்தால் எதிர்த்தரப்பு உங்களைப் படிப்பதை நிறுத்திவிடும்.

25 வயதுக்குள் இருப்பவர்களுக்கு நான் முதலில் சொல்வது, நாடாளுமன்றப் பணிகளை ஆராயும் பிஆர்எஸ் நிறுவனம் நடத்தும் லேம்ப் ஃபெலோஷிப். ஒரு எம்.பி.யோடு ஓராண்டுக்குச் சற்றுக் குறைவான காலம், கேள்வி தயாரிப்பது, மசோதா படிப்பது, மானியக் கோரிக்கை விவாதத்துக்குக் குறிப்பு எழுதுவது. எந்தப் பாடம் படித்தவரும் விண்ணப்பிக்கலாம். ஐ.நா.வின் யங் ப்ரொஃபெஷனல்ஸ் தேர்வுக்கு உச்ச வயது 32. நம் நாடு அந்த ஆண்டுப் பட்டியலில் இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். அணுசோதனைத் தடை அமைப்பின் இளைஞர் குழுவில் சேரக் கட்டணம் கிடையாது, வியன்னாவிலிருந்து நடப்பதை வீட்டிலிருந்தே பின்தொடரலாம்.

ஓர் எச்சரிக்கை. பொதுவெளியில் உள்ள ஆவணத்தை மட்டும் பயன்படுத்துங்கள். கஞ்சிக்கோட்டிலோ திருவனந்தபுரத்திலோ பாதுகாப்பு ஆலையில் வேலைசெய்யும் மாமனிடமோ சித்தப்பனிடமோ "அங்கே மாதம் எத்தனை செய்கிறீர்கள்" என்று ஆராய்ச்சிக்காகக் கேட்காதீர்கள். 1923-ஆம் ஆண்டின் அலுவல் ரகசியச் சட்டம் இன்றும் இருக்கிறது, மாட்டிக்கொள்பவர் அவராகவும் இருக்கலாம். நல்ல அனலிஸ்டுக்கு ரகசியம் தேவைப்படாது. அச்சான தாள்களே படித்து முடியாத அளவு கிடக்கின்றன.

வேலை அமையாவிட்டால் என்ன என்று கேட்டீர்கள். இதே திறமை பயன்படும் அரசு வேலைகள் உண்டு. எஸ்எஸ்சி சிஜிஎல் தேர்வில் ராணுவக் கணக்குத் தலைமைக் கட்டுப்பாட்டாளர் அலுவலகங்களுக்கு ஆடிட்டர்களை எடுக்கிறார்கள், சிஏஜி அலுவலகத்துக்கும் எடுக்கிறார்கள். சிவில் சர்வீஸ் வழியாக இந்தியப் பாதுகாப்புக் கணக்குப் பணி இருக்கிறது. பொருளாதாரத்தில் முதுகலை முடித்தால் யுபிஎஸ்சியின் இந்தியப் பொருளாதாரப் பணித் தேர்வு எழுதலாம். மானியக் கோரிக்கையும் கணக்குத் தலைப்பும் தெரிந்தவருக்கு இவையெல்லாம் தூரத்து வேலைகள் அல்ல. வீட்டில் கவலைப்படுகிறார்கள் என்றால் சிஜிஎல் விண்ணப்பத்தை இதோடு சேர்த்தே போடுங்கள், ஒன்றுக்கொன்று இடைஞ்சல் இல்லை.

ஊரிலிருந்தே இப்போது தொடங்க வேண்டியது இது. இந்திய பட்ஜெட் இணையதளத்தில் கடந்த பத்தாண்டுகளின் செலவின ஆவணங்கள் இருக்கின்றன. நான்கு மானியக் கோரிக்கைகளையும் எடுங்கள். கோரிக்கை எண் ஆண்டுக்கு ஆண்டு மாறும், 2020-21-இல் 18-இலிருந்து தொடங்கியது. ஆகவே பெயரை வைத்துத் தேடுங்கள். ஒவ்வோர் ஆண்டுக்கும் பட்ஜெட், திருத்தியது, உண்மை என மூன்று பத்திகள். தரைப்படை 2076, கடற்படை 2077, விமானப்படை 2078, மூலதனம் 4076 என்ற கணக்குத் தலைப்புகளையும் குறியுங்கள். பக்கத்தில் எந்த ஆவணம், எந்தப் பக்கம், எந்தத் தேதியில் எடுத்தது என்று எழுதுங்கள். பிறகு, விலையேற்றத்தைக் கழிக்க உதவும் ஜிடிபி டிஃப்ளேட்டரை வைத்து நிலையான விலைக்கு மாற்றுங்கள். ஜிடிபியின் அடிப்படை ஆண்டு மாறும் இடத்தில் பழைய தொடரையும் புதியதையும் ஒட்டவைக்காதீர்கள். கடைசியில் ஒரே ஒரு கேள்விக்கு இரண்டு பக்கத்தில் விடை எழுதுங்கள்: பத்தாண்டில் ஓய்வூதியத்தின் பங்கு கூடியதா, மூலதனத்தின் பங்கு கூடியதா? 2025-26-இல் முதலாவது 23.6, இரண்டாவது 26.4 விழுக்காடு என்பதை உங்கள் தாளின் கடைசி வரியோடு ஒத்துப்பாருங்கள். அந்த எக்செல் தாளையும் இரண்டு பக்கக் குறிப்பையும் இணைத்து, நீங்கள் சேர விரும்பும் நிறுவனத்தில் இதே தலைப்பில் எழுதுபவருக்கு நான்கு வரியில் மின்னஞ்சல் போடுங்கள். வேலை கேட்காமல், எண்ணில் பிழை இருந்தால் சொல்லுங்கள் என்று மட்டும் கேளுங்கள். மார்ச் மாதம் வேண்டாம், பட்ஜெட் வேலையில் மூழ்கியிருப்பார்கள். ஜூலை அல்லது ஆகஸ்டில் அனுப்புங்கள்.